பேட்டரியில் பி.எச்.டி. செய்யப் போகிறீர்களா? பினாங்கிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நான் இருப்பது மலேசியாவின் பினாங்கில், கெலுகோரில் ஓர் அடுக்குமாடி, பத்தாவது மாடி. கீழே மோட்டார் (மோட்டார் சைக்கிள்) நிறுத்துமிடத்தில் ஒரு பிளக்கூடக் கிடையாது. பி.எச்.டி. முதல் வருஷம் முடிகிற நேரம், சாப்பாடு டெலிவரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனை லிஃப்டில் பார்த்தபோது சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணே, பேட்டரி மோட்டார் மலிவா வந்தா வாங்குவீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. "வாங்கலாம் தம்பி. சார்ஜ் எங்க போடுறது? பேட்டரியக் கழட்டி மேல தூக்கிட்டு வரணும்னா, அது எத்தன கிலோ?"

அப்போது நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) கொட்டையின் ஓட்டைச் சுட்டு சோடியம் பேட்டரிக்குக் கார்பன் செய்துகொண்டிருந்தேன். என் ஆய்வுத் திட்டத்தில் மின்முனையின் எடை மில்லிகிராம் சுத்தமாக இருந்தது, ஒரு மனிதர் லிஃப்டில் தூக்கிக்கொண்டு போகும் எடை எங்கேயும் இல்லை. அதற்கு அடுத்த மாதம் பாதித் திட்டத்தை மாற்றி எழுதினேன். பசுமை வேதியியல், பேட்டரிப் பொருள், மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற மூன்றையும் ஒரே ஆய்வில் கட்டப் பார்க்கிறவர்களுக்காக, நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வேதியியல் பட்டம் முடித்தவர் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

முதல் படி: யாருடைய முடிவு என்று பிடியுங்கள்

எல்லோரும் பொருளில் தொடங்குகிறோம். "சோடியம் அயான் பேட்டரிக்கு ஹார்ட் கார்பன்" என்று தலைப்பு வைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் "மக்கள் ஏற்பு" என்று ஒரு கேள்வித்தாளை ஒட்டுகிறோம். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். யார், எந்த இடத்தில், எதை வைத்து முடிவெடுக்கிறார் என்று முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், பொருளைப் பற்றிய கேள்வி அதிலிருந்து வரட்டும்.

என் அண்ணன் கதையையே எடுங்கள். சோடியம் அணு லித்தியத்தைவிடக் கனம், 23க்கு 7. போதாததற்கு அதன் மின்னழுத்தமும் கொஞ்சம் குறைவு: லித்தியம் மைனஸ் 3.04 வோல்ட், சோடியம் மைனஸ் 2.71 வோல்ட். அதனால் அதே ஆற்றலுக்கு சோடியம் பேட்டரி பொதுவாகக் கூடுதல் எடை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகிறவருக்கு இது நேரடியாகத் தோள்வலி. ஆனால் அதே மனிதர் மாற்று நிலையத்தில் காலிப் பேட்டரியைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை எடுப்பவராக இருந்தால், எடை அவ்வளவு முக்கியமில்லை, எத்தனை சார்ஜ் சுற்று தாங்கும், என்ன விலை என்பதுதான் பெரிசு. பேட்டரியை வாங்கும் முடிவே அவர் கையைவிட்டு நிலையக்காரர் கைக்குப் போய்விடுகிறது. பொருள் ஒன்றுதான், முடிவெடுப்பவர் மாறியதும் ஆய்வகத்தில் நீங்கள் துரத்த வேண்டிய எண் மாறிவிட்டது. முதல் ஆளுக்கு கிராமுக்கு எத்தனை மில்லி ஆம்பியர் மணி, இரண்டாவது ஆளுக்கு ஆயிரமாவது சுற்றில் எவ்வளவு மிச்சம்.

இதற்குப் பெரிய ஆய்வு ஒன்றும் வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் பத்துப் பதினைந்து பேரிடம் மாமாக் கடையில் (இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து தே தாரிக் வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள், அது போதும். திசை பிடிக்க மட்டும்தான் அந்தப் பேச்சு. அதைத் தரவாக ஆய்வேட்டில் போட நினைத்தால் நெறிமுறை அனுமதி முதலில் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது படி: சூப்பர்வைசர், பணம், பாலம்

ஒரு சூப்பர்வைசர் போதாது. வேதியியலிலோ பொருள் பொறியியலிலோ ஒருவர், மேலாண்மை, சமூக அறிவியல் அல்லது உளவியலிலிருந்து இன்னொருவர். இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை (யு.எஸ்.எம்.) எடுத்துக்கொண்டால் வேதியியல் பள்ளி மிண்டன் வளாகத்தில், பொருள் மற்றும் கனிமவளப் பொறியியல் பள்ளியோ கடல் தாண்டி நிபோங் திபாலில். அதாவது உங்கள் சாம்பிள் ஒரு பக்கம், அதைப் பார்க்கும் கருவி மறுபக்கம் என்று அமையலாம். இரண்டாவது பாலம் 2014இல் திறந்தபின் பயணம் சுலபம்தான், ஆனாலும் ஈரம் பட்டால் கெடும் மாதிரியை மோட்டார் பெட்டியில் வைத்துக்கொண்டு மழையில் பாலம் ஏறாதீர்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு இந்தப் பாலத் தொல்லை இல்லை, அதற்குப் பதில் ஜாம் இருக்கிறது.

சூப்பர்வைசரை முடிவு செய்யுமுன் அவருடைய இப்போதைய மாணவர்களைக் கேன்டீனில் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். கிளவ்பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாமல், பொருத்திய கையுறை வழியாக வேலை செய்யும் பெட்டி) கடைசியாக எப்போது வேலை செய்யாமல் கிடந்தது? பேட்டரி சோதனைக் கருவியில் ஒருவருக்கு எத்தனை சேனல் (ஒரு சேனலில் ஒரு செல்) கிடைக்கும்? எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? இணையத்தில் அவர் பெயரைத் தேடிக் கிடைக்கும் கட்டுரைப் பட்டியல் இந்த மூன்றில் எதையும் சொல்லாது.

பணம் பெரும்பாலும் உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற ஆய்வு மானியத்திலிருந்து, ஆய்வு உதவியாளர் சம்பளமாக வரும். மானியம் இரண்டு மூன்று ஆண்டு, உங்கள் படிப்பு மூன்று நான்கு ஆண்டு. அந்த இடைவெளியில் எந்த வெள்ளியில் (ரிங்கிட்டில்) சாப்பிடுவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், கேட்காதவர்கள்தான் நான்காம் வருஷம் டியூஷன் எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதுகிறார்கள்.

மூன்றாவது படி: "கழிவு" என்று எழுதுமுன்

மலேசியாவில் பேட்டரிக் கார்பன் என்றாலே செம்பனைக் கழிவு. நானும் அப்படித்தான் எழுதினேன். கிராஃபைட்டுக்குள் சோடியம் சரியாக நுழையாது, ஆகவே ஒழுங்கற்ற அடுக்குகளுள்ள ஹார்ட் கார்பன் தேவைப்படுகிறது, அதைத் தாவர ஓட்டிலிருந்து செய்யலாம். இதுவரை வாதம் சரி. ஆனால் கொட்டை ஓடு கழிவாகக் குப்பையில் கிடக்கிறதா? ஆலையிலேயே கொதிகலனில் எரிக்கிறார்கள், மிச்சத்தை எரிபொருளாக ஜப்பானுக்குக்கூட ஏற்றுமதி செய்கிறார்கள். காய் உதிர்த்த வெறும் குலையைத் தோட்டத்திலேயே மரத்தடியில் பரப்பி உரமாக்குகிறார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்த இடத்தில் வேறு எதை எரிப்பார்கள், எந்த உரம் வாங்குவார்கள் என்பதும் உங்கள் கணக்கில் வர வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த எங்கள் அம்மா "அது எப்பய்யா கழிவாச்சு?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பின்னால் அதே கேள்வியை ஒரு மதிப்பாய்வாளர் கேட்டபோது வரவில்லை.

பசுமை என்பதை அளக்க மூன்று கருவி போதும். பால் அனாஸ்டஸும் ஜான் வார்னரும் 1998இல் தொகுத்த பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளைச் சுவரில் ஒட்டி வையுங்கள், அது சரிபார்ப்புக்கு. வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் சொன்ன ஈ-காரணி கணக்குக்கு: கழிவின் எடையைப் பொருளின் எடையால் வகுங்கள். 10 கிராம் கார்பன் கிடைத்து, சாம்பலை நீக்கக் கழுவிய அமிலநீர் மட்டும் 400 கிராம் என்றால் அதிலேயே 40 வந்துவிட்டது. தண்ணீரைச் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா, விட்டுவிட்டா என்று கட்டாயம் எழுதுங்கள், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. 14040, 14044 தரங்களின்படி ஆயுள் சுழற்சி மதிப்பீடு, அதாவது ஒரு பொருள் பிறந்ததிலிருந்து கழியும் வரை சுற்றுச்சூழலுக்கு வைக்கும் சுமையின் கணக்கு. இதில் எல்லோரும் சறுக்குவது அலகில். "ஒரு கிலோ கார்பனுக்கு" என்று கணக்கிட்டால் மட்டமான கார்பனும் அழகாகத் தெரியும், "பேட்டரி தன் ஆயுளில் தரும் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும்" என்று மாற்றுங்கள். 1,000 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் ஓடும் உலையின் மின்சாரத்தையும் மறக்காதீர்கள். அது நம் நாட்டில் பெருமளவு நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது.

நான்காவது படி: செல் செய்வது

இங்கேதான் உங்கள் இளமை போகும், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்டைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, 500 டிகிரி வாக்கில் முதலில் கரியாக்குங்கள். பிறகு அமிலத்தில் கழுவி, ஆர்கான் வாயுவில் 1,200 முதல் 1,400 டிகிரி வரை சுடுங்கள். 100 கிராம் போட்டால் 20, 30 கிராம் கிடைக்கும். சாம்பலில் சிலிக்கா இருக்கிறது என்பதற்காக ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைத் தொட ஆசைப்படாதீர்கள். ஹைட்ரோகுளோரிக்கில் முடிகிற வரை முடித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வேண்டும்தான் என்றால் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல், தனியாக, ஒருநாளும் செய்யாதீர்கள்.

அப்புறம் மின்முனை. பழைய செய்முறைகள் எல்லாம் பி.வி.டி.எஃப். பசையை என்.எம்.பி. கரைப்பானில் கரைக்கச் சொல்லும். பசை ஃபுளோரின் சார்ந்த பிளாஸ்டிக், கரைப்பான் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியது. ஆய்வேட்டின் பெயர் "நிலைத்த வேதியியல்" என்று வைத்துக்கொண்டு இதைச் செய்தால் தேர்வாளர் விடமாட்டார். ஹார்ட் கார்பனுக்குத் தண்ணீரில் கரையும் சி.எம்.சி. பசை நன்றாகவே வேலை செய்யும். குழம்பு இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளகலாக இருக்க வேண்டும், தகட்டில் பூசும்போது வழியவும் கூடாது, இழுக்கவும் கூடாது. சோடியத்தில் ஒரு வசதி உண்டு. சோடியம் அலுமினியத்தோடு கலப்புலோகமாகாது, ஆகவே இரு பக்கமும் அலுமினியத் தகடே போதும். லித்தியத்தில் ஆனோடுப் பக்கம் செம்பு வேண்டும், அது விலையும் எடையும் கூட.

தண்ணீரில் பூசியதால் உலர்த்துவதுதான் உயிர். நம் ஊர்க் காற்றின் ஈரம் உங்களுக்கே தெரியும், முறுக்கு டப்பாவை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் என்ன ஆகிறதோ அதுதான் மின்முனைக்கும் ஆகும். வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் ஓர் இரவு முழுக்க வைத்து, சூடு ஆறுமுன் கிளவ்பாக்ஸுக்குக் கொண்டுபோங்கள். உள்ளே நீரும் ஆக்சிஜனும் 1 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும். லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட் போன்ற உப்பு துளி ஈரம் பட்டாலும் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் கக்கும், அது செல்லை உள்ளேயிருந்து அரிக்கும். நான் ஒருமுறை அவசரத்தில், பெரும் மழை நாளில், ஆறிப்போன மின்முனைகளை மேசையில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து செல் கட்டினேன். பன்னிரண்டு செல்லும் ஒரு வாரத்தில் படுத்துவிட்டன. பழி முழுக்க என் மேல்தான், அன்றைக்கு மீன்தலைக் கறி நன்றாக இருந்தது.

சோதனைக்கு சி.ஆர்.2032 காயின் செல் போதும், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். எதிர்பார்ப்பை முன்பே கணக்கிட்டு வையுங்கள். சூத்திரம் எளிது: 26,801ஐ மூலக்கூறு எடையால் வகுத்து, கைமாறும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் பெருக்குங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் மூலக்கூறு எடை சுமார் 157.8, ஆக கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணி. இதே பொருளில் உங்களுக்கு 190 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எடை போட்டதில் தப்பு.

சதவீதத்திலும் ஏமாறாதீர்கள். "கூலோம் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைப்பது) 99.5 சதவீதம்" என்று எழுதும்போது பிரமாதமாகத் தோன்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த அரை சதவீத சோடியம் திரும்பி வராமலே போகிறது என்றால் 500 சுற்றில் மிஞ்சுவது சுமார் 8 சதவீதம், 99.9 என்றால் சுமார் 61. காயின் செல்லின் மறுபக்கத்தில் சோடிய உலோகம் மலைபோலக் கிடப்பதால் இந்த இழப்பு வெளியே தெரியாது, அந்த உலோகத்துக்குப் பதில் நிஜக் கேத்தோடு வைத்த முழு செல் கட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும். ஆகவே மூன்றாம் வருஷம் வரை காத்திருக்காமல் இரண்டாம் வருஷமே இரண்டு முழு செல்லாவது கட்டுங்கள்.

காலக் கணக்கையும் போட்டுவிடுங்கள். சார்ஜுக்கு 2 மணி, இறங்க 2 மணி, ஆக ஒரு சுற்று 4 மணி. 200 சுற்று 800 மணி, ஏறக்குறைய 33 நாள். மூன்று கார்பன், மூன்று மின்பகுளி, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி, மொத்தம் 27 செல். உங்களுக்குக் கிடைப்பது 4 சேனல் என்றால் ஏழு தவணை, 231 நாள். இதில் ஒருநாள் கரண்ட் போனாலும் அந்தத் தவணை மறுபடி முதலிலிருந்து. திட்டத்தில் ஒன்பது மின்பகுளி எழுதி வைத்திருக்கிறவர்கள் இப்போதே ஆறைக் கிழித்துப் போடலாம்.

ஐந்தாவது படி: மனிதர்களிடம் கேட்பது

வேதியியல்காரர்கள் இதைச் சுலபம் என்று நினைக்கிறோம். "பசுமையான பேட்டரி வாங்குவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். நம் ஆட்கள் கேட்கிற பிள்ளை மனம் நோகக் கூடாது என்பதற்காகவே ஆமாம் என்பார்கள். அந்த ஆமாமுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

அதற்குப் பதில் தேர்வுச் சோதனை வையுங்கள். இரண்டு மோட்டார், விலை, ஒரு சார்ஜில் போகும் தூரம், பேட்டரி எடை, உத்தரவாதம், எங்கே சார்ஜ் என்பது ஒவ்வொன்றிலும் வேறுவேறு, எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், இப்படி எட்டுப் பத்து ஜோடி. பதில்களிலிருந்து, ஒரு கிலோ எடை குறைய எத்தனை வெள்ளி கொடுக்கத் தயார் என்று கணக்கெடுக்கலாம். இந்த வகைத் தேர்வுக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்ட டேனியல் மெக்ஃபாடன் 2000இல் பொருளாதார நோபல் பெற்றார். அந்த "கிலோவுக்கு இத்தனை வெள்ளி" என்ற எண்தான் உங்கள் ஆய்வகத்தையும் மாமாக் கடையையும் இணைக்கும் பாலம், ஆய்வேட்டின் நடு அத்தியாயம் அதுவே.

சொல்லும் விதம் பதிலை மாற்றும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியதன் சாரம், இழப்பு அதே அளவு லாபத்தைவிடக் கனமாக உறைக்கும் என்பது. 1992இல் அவர்கள் கணக்கிட்ட விகிதம் 2.25. "எட்டு வருஷத்தில் 80 சதவீதம் மிச்சமிருக்கும்" என்று பாதிப் பேருக்கும், "20 சதவீதம் போய்விடும்" என்று மீதிப் பேருக்கும் கேள்வித்தாளைக் கொடுத்துப் பாருங்கள். இங்கே ஒரு சுவையான விஷயம். பேட்டரி 80 சதவீதத்துக்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது என்பதே இயற்கை விதி கிடையாது, வண்டித் துறையில் மனிதர்கள் போட்டுக்கொண்ட கோடு. அந்தக் கோட்டை 70க்கு நகர்த்தினால் உங்கள் ஆயுள் சுழற்சி மதிப்பீட்டின் விடையே மாறும். அதனால் மக்கள் எந்த அளவில் உண்மையிலேயே மாற்ற நினைக்கிறார்கள் என்பதும் வேதியியல் தரவுதான்.

மொழியைக் கவனியுங்கள். கேள்வித்தாள் மலாய், தமிழ், சீனம் என மூன்றில் போகும். ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பட்டும், பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். நான் "மின்கலச் சிதைவு" என்று எழுதியிருந்தேன், ஒரு பாட்டி பேட்டரி வெடிப்பதாகப் புரிந்துகொண்டு வேண்டவே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். "பேட்டரி வீக் ஆகும்" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆகவே பெரிய கணக்கெடுப்புக்கு முன் 20, 30 பேரிடம் முன்னோட்டம் பாருங்கள்.

நெறிமுறை அனுமதியை முதல் வருஷமே விண்ணப்பியுங்கள். யு.எஸ்.எம்.மில் அதை மனித ஆய்வு நெறிமுறைக் குழுவான ஜெப்பெம் பார்க்கிறது. திருத்தம் கேட்டுத் திரும்பி வரும், மாதங்கள் போகும், அனுமதித் தேதிக்கு முன்னால் எடுத்த பதில் எதையும் பயன்படுத்த முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது, அனுமதி வரவில்லை, தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆறாவது படி: உங்கள் முடிவும் தரவுதான்

பன்னிரண்டு செல்லில் ஏழு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "அது கட்டும்போது ஏதோ கோளாறு" என்று ஒதுக்கிவிட்டு மிச்ச ஐந்தின் சராசரியைப் போடுகிறோம். நல்ல செல்லில் கோளாறு தேடினோமா? இல்லை. அடுத்தவர் மோட்டார் வாங்கும்போது எப்படித் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று ஓர் அத்தியாயம் எழுதிவிட்டு, அதையே நாம் ஆய்வகத்தில் செய்கிறோம்.

இதற்கு மருந்து ரொம்பச் சாதாரணம். எந்தச் செல்லை ஒதுக்கலாம் என்ற விதியை, சோதனை தொடங்குமுன் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: மூடும்போது கசிந்தது, முதல் அளவீட்டில் மின்னழுத்தம் இந்த எல்லைக்கு வெளியே, அவ்வளவுதான். செல்லுக்கு எண் மட்டும் கொடுங்கள், எந்த எண் எந்தக் கார்பன் என்ற பட்டியல் நண்பரிடம் இருக்கட்டும், வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்தபின் வாங்கிப் பாருங்கள். ஒதுக்கியவற்றின் எண்ணிக்கையையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். என்னுடைய "சிறந்த" கார்பன் இப்படிச் செய்தபோது மூன்றாம் இடத்துக்குப் போனது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

கடைசி ஆறு மாதம்

எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றே ஒன்று: வைவாவில் வேதியியல் தேர்வாளர் கேள்வித்தாளைப் பற்றிக் கேட்பார், மேலாண்மைத் தேர்வாளர் "ஏன் சோடியம்?" என்று கேட்பார். தனக்குத் தெரிந்ததைக் கேட்டு உங்களை மடக்குவதைவிடத் தெரியாததைக் கேட்டுத் திணற வைப்பதுதான் அதிகம். ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தையும் மற்றத் துறை நண்பர் ஒருவரிடம் ஐந்து நிமிடத்தில் விளக்கிப் பழகுங்கள்.

பிறகு கழிவு. நான்கு வருஷத்தில் சில நூறு செத்த செல், கரைப்பான் போத்தல்கள், எண்ணெயில் கிடக்கும் சோடியத் துண்டுகள் சேர்ந்திருக்கும். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயக் கழிவு) விதிமுறைகளின்படி லித்தியம் உள்ள பேட்டரிக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 103 என்று ஒரு குறியீடு உண்டு, கரைப்பான்களுக்கு வேறு. செல்களின் சார்ஜை முழுக்க இறக்கி, முனைகளில் டேப் ஒட்டி, உலோகத் துண்டுகளைத் தனியாக வைத்து, ஆய்வக அதிகாரியிடம் பட்டியலோடு கொடுங்கள். சேகரிக்கும் வண்டி நீங்கள் நினைக்கும் நாளில் வராது, ஆகவே ஆய்வேடு கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டம் வாங்கியபின் செத்த செல்களுக்காகத் திரும்பவும் பாலம் ஏற வேண்டியிருக்கும்.